நீ பதித்த கல்லில் நான் விழுந்தேன்

கண்ணு,

நேற்று மத்தியானம் மருமகள் இனேஸ் போன் செய்தாள். நீ அவளுக்குச் சொல்லிக்கொடுத்த கொஞ்சத் தமிழை வைத்துக்கொண்டு, "அம்மா, அவன் வேலை போகல. கல் எல்லாம் எடுத்தான். நீங்க விழுந்த இடம். கல் எல்லாம் எடுத்தான்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவளுடைய தமிழ்தான் குழப்புகிறது என்று நினைத்து இங்கிலீஷில் சொல்லச் சொன்னேன். அப்போதுதான் விஷயம் முழுசாக வெளியே வந்தது. என்னை விமானம் ஏற்றிவிட்ட மறுநாள் விடியும்போதே நீ சுத்தியலும் கடப்பாரையுமாக அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறாய். நான் வழுக்கி விழுந்த இடத்தில், நீயே பதித்த கற்களைப் பெயர்த்து ஓரமாகக் குவித்திருக்கிறாய். உன் மேஸ்திரி ஓடிவந்து தடுப்பதற்குள் ஒரு கட்டில் அகலத்துக்குப் பள்ளமாகிவிட்டதாம். சுத்தியலை அவர் காலடியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவன், அதற்குப் பிறகு வேலைக்கே போகவில்லையாம்.

கட்டபெட்டு கடைவீதியில், நம் தையல் கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கையில் இருந்த டீ டம்ளரை யார் வாங்கி வைத்தார்கள் என்றுகூடத் தெரியாது. தினமும் சாயங்காலம் நீ போனில், "இப்பத்தாம்மா வேலை முடிஞ்சு வந்தேன், காலு கடுக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாயே! அதைக் கேட்டு நான் இங்கே, வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வை என்று உனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தேன். ராத்திரி நான் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்திருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஒடிந்த மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. பொறுமையாகப் படி.

நீ எனக்கு அதிர்ச்சி கொடுப்பது இது முதல் தடவை இல்லை. கேட்டரிங் படித்துவிட்டு, லிஸ்பனில் ஓட்டல் சமையல்கட்டில் வேலை என்றுதான் போனாய். போன வருஷம் ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டபோது உன் பின்னால் அடுப்பு இல்லை, தெரு இருந்தது. தலையெல்லாம் வெள்ளைத் தூசி. கடையில் அப்போது ரவிக்கை அளவு கொடுக்க இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எங்கடா இருக்கற?"

"வேலையிலம்மா. ஓட்டல விட்டு நாளாச்சு. நடைபாதைக்குக் கல்லு பதிக்கறேன்."

"ரோட்டுலயா?"

"ரோட்டுலதாம்மா."

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். ரோட்டு வேலை என்றால் எனக்குத் தெரிந்தது கோத்தகிரி ரோட்டு வேலைதான். கீழ்நாட்டிலிருந்து வந்து, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையிலும் தாரிலும் நிற்பார்கள். பிள்ளைகளைத் தூளியில் போட்டுக் கல் உடைப்பார்கள். என் மகன் கப்பலேறாத குறையாக அத்தனை தூரம் போய் அந்த வேலையா செய்கிறான்? வந்திருந்த இரண்டு பேரும் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு ஒரு ரவிக்கைக்குக் கையை மாற்றி வெட்டிவிட்டேன். அப்புறம் நீ கூப்பிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாய்: "வந்து பாரும்மா, பாத்துட்டுத் திட்டு." இனேஸோடு உனக்குக் கல்யாணம் நிச்சயமானது, வந்து பார்த்தேன்.

பார்த்ததும் என் வாய் அடைத்துப்போனதை நீயே பார்த்தாய். உங்கள் லிஸ்பனும் நம் மலை மாதிரி ஏற்றமும் இறக்கமும்தான். ஆனால் நான் ஊரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எங்கே கால் வைத்தாலும் வெள்ளைக் கல்லுக்கு நடுவே கறுப்புக் கல்லில் பூ, கொடி, கப்பல். அந்தப் பெரிய சதுக்கத்துக்குக் கூட்டிப்போனாயே, அங்கே கறுப்பும் வெள்ளையுமாகத் தரை முழுக்க அலையடிக்கிறது. மட்டமான தரைதான். ஆனால் கண் அதை நம்ப மாட்டேன் என்கிறது. நான் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றேன். "தண்ணியில்லம்மா, தைரியமா வா" என்று நீ சிரித்தாய். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையும் என்னைப் போலவே தயங்கி நின்றது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அங்கேதான் உன் மேஸ்திரி வந்து சேர்ந்தார். ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துத் தீவுக்காரர், நரைத்த தாடி, கை ரெண்டும் முறம் மாதிரி. அவர் சொல்லச் சொல்ல நீ தமிழில் சொன்னாய். ரொம்பக் காலத்துக்கு முன்னால் அந்த ஊர் ராஜாவுக்கு நம் நாட்டிலிருந்து கப்பலில் ஒரு காண்டாமிருகம் போய்ச் சேர்ந்ததாம். ராஜாவின் பிறந்தநாள் ஊர்வலத்தில் அதை அலங்காரம் செய்து நடத்திப் போகும்போது சேறு தெறிக்கக் கூடாது என்றுதான் முதலில் தெருவுக்குக் கல் போட்டார்கள் என்று ஒரு கதை உண்டு என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு எனக்கும் சிரிப்பு நின்றுபோனது. இந்த மாதிரிச் சித்திரம் போட்டுப் பதிக்கிற வேலையை முதலில் செய்தவர்கள் கோட்டைச் சிறையில் இருந்த கைதிகளாம். கோட்டைத் தளபதி தன் வாசலில் அவர்களை வைத்துக் கோணல்கோணலாகக் கோடு போட்டுப் பதிக்கச் செய்திருக்கிறார். ஊரே திரண்டு வந்து ஆச்சரியமாகப் பார்த்ததாம். அதற்குப் பிறகுதான் இந்தச் சதுக்கத்து அலைகளையும் அவர்களை வைத்தே பதித்தார்களாம்.

"காலுல சங்கிலியோடயா?" என்று கேட்டேன்.

நீ அவரிடம் கேட்டுவிட்டு, "சங்கிலியோடதாம்மா" என்றாய்.

எத்தனை பேர் அங்கே உட்கார்ந்து காபி குடித்தார்கள், படம் பிடித்தார்கள்! நான் அந்த அலையைவிட்டு இறங்கி ஓரமாக நின்றுகொண்டேன். யாரோ ஒருத்தன் சங்கிலியை இழுத்துச் சரிசெய்துகொண்டு மண்டிபோட்டு வைத்த கல் இது என்று தோன்றிய பிறகு, செருப்புக் காலோடு அதன்மேல் நிற்கக் கூச்சமாக இருந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். "நடக்கறதுக்குத்தானே போட்டாங்க, நடங்கன்னு சொல்றாரு" என்றாய்.

மறுநாள் உன் வேலையைச் செய்து காட்டினாய். அதை நான் மறக்கவே மாட்டேன். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, இடது உள்ளங்கையில் ஒரு சுண்ணாம்புக் கல்லை வைத்து, வலது கையால் சுத்தியலை ஒரு தட்டு தட்டினாய். எனக்குத் திக்கென்றது, கை போயிற்று என்று. கல் பிஸ்கட் மாதிரிப் பிளந்தது. இன்னும் ரெண்டு தட்டு; மேலே சதுரம், கீழே பல் வேர் மாதிரிக் கூம்பி வந்தது. கல்தூள் பரப்பிய படுகையில் மரச்சட்டத்தை வைத்து, அதன் விளிம்போடு கறுப்புக் கல்லை அடுக்கிவிட்டு, சட்டத்தை எடுத்து வெள்ளையால் நிரப்பினாய். ரவிக்கைக்கு நான் வைத்திருக்கிற அளவு அட்டை மாதிரியே இருந்தது அந்தச் சட்டம். கழுத்து வளைவில் துணி எப்படி அடம்பிடிக்குமோ அப்படியே அந்த வளைவில் கல்லும் அடம்பிடித்தது. நீ திட்டிக்கொண்டே அதைத் திரும்பத் திரும்பச் செதுக்கினாய். எனக்குப் புரிந்துவிட்டது. இவன் என் வேலையைத்தான் செய்கிறான், துணிக்குப் பதில் கல் என்று நினைத்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

அதற்குள்தான் அது நடந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் தூறல். இனேஸின் அம்மாவுக்கு நான் கொண்டுபோன சேலையைக் கொடுக்க நாம் ரெண்டு பேரும் அந்தச் சரிவுத் தெருவில் இறங்கினோம். "இந்த எடம் பூரா நான் போட்டதும்மா, போன மாசம்தான் பிரிச்சுத் திரும்பப் போட்டோம்" என்று நீ கை காட்டினாய். நான் குனிந்து பார்த்தேன். அவ்வளவுதான். கால் எங்கே போனது என்றே தெரியவில்லை.

பாசி பிடித்த படியிலும் தேயிலைக் காட்டுச் சரிவிலும் மழையில் இறங்கி ஏறியே வயசானவள் நான். ஒரு நாளும் விழுந்ததில்லை. அதனால் விழுந்ததை நம்பவே கொஞ்ச நேரம் ஆனது. வலிக்கும் முன்னால் சத்தம்தான் கேட்டது, காய்ந்த தேயிலை மிலார்க் குச்சி முறிகிற மாதிரி. கையைப் பார்த்தேன், கை வேறு எங்கேயோ திரும்பி இருந்தது. சேலைப் பை நனைந்துகொண்டிருந்தது. நீ மண்டிபோட்டாய். என்னைத் தூக்கப் போகிறாய் என்று நினைத்தேன். நீ என்னைத் தொடவில்லை. நான் விழுந்த கல்லை உள்ளங்கையால் தடவினாய். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. "வழவழன்னு இருக்கும்மா. பழைய கல்லு. திருப்பிப் போட்டிருக்கணும். தெரிஞ்சும் அப்படியே வெச்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். கடைசியில் தெருவில் போன யாரோ ஒரு பெண்தான் என்னைத் தூக்கி உட்காரவைத்தாள்.

நீ சொன்னதன் அர்த்தம் ஆஸ்பத்திரியில்தான் புரிந்தது. தெருவைப் பிரித்தால் அதே கல்லைத்தான் மறுபடி பதிப்பீர்கள். ஆயிரம் பேர் நடந்து நடந்து மேல்பக்கம் கண்ணாடி மாதிரித் தேய்ந்திருக்கும். சரிவில் அதைத் திருப்பி, சொரசொரப்பான பக்கம் மேலே வரும்படி கொத்திப் போட வேண்டும். கல்யாண வேலை, சீக்கிரம் முடிக்கிற அவசரம். அந்தக் கொஞ்ச இடத்தில் நீ திருப்பாமல் வைத்துவிட்டாய்.

கட்டுப் போட்ட கையோடுதான் உன் கல்யாணத்துக்கு வந்தேன். நான் சொல்லச் சொல்ல இனேஸின் அம்மா எனக்குச் சேலை கட்டிவிட்டார். கொசுவம் நிற்காமல் சரிந்தபோது ரெண்டு பேரும் பாஷை தெரியாமலே சிரித்தோம். கோயிலில் எல்லார் முகத்திலும் சந்தோஷம். இடது கையால் உன் நெற்றியில் சிலுவை போட்டேன். நீ கண்ணை இறுக மூடிக்கொண்டாய். உன் தாடை நடுங்கியது. சந்தோஷத்தில் நடுங்குகிறது என்று சுற்றி இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த நடுக்கத்தை நான் ஏற்கெனவே ஒருவர் முகத்தில் பார்த்திருக்கிறேன். கட்டுப் பிரிக்கிற வரை உன் வீட்டில் இருந்தேனே, அத்தனை நாளும் அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இப்போது சொல்கிறேன். உனக்கும் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

உன் அப்பாவை நீ டீ பேக்டரி வாட்ச்மேனாகத்தான் பார்த்திருக்கிறாய். நீ பிறப்பதற்கு முன்னால் அவர் எஸ்டேட் வேன் டிரைவர். கொழுந்து பறிக்கிற பெண்களைக் காலையில் காட்டுக்கு ஏற்றிப்போய், சாயங்காலம் அவர்களுடைய லைன் வீடுகளில் இறக்கிவிடுவார். ஹார்ன் அடிக்கிற விதத்திலேயே அவர் வண்டி என்று தெரியும். பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டுகிற மனுஷன். உன் அப்பா பாடுவார் என்று உனக்குத் தெரியுமா? ஒரு மழை நாளில், தேய்ந்த டயர் என்று தெரிந்தே, இன்றைக்கு ஒரு நாள் ஓட்டிவிடலாம் என்று எடுத்திருக்கிறார். வளைவில் வேன் வழுக்கி, தடுப்புச் சுவரில் மோதிச் சாய்ந்தது. யாரும் சாகவில்லை. மாரியாயி என்று ஒருத்தி, என் வயசுக்காரி, அவளுடைய கால் நசுங்கிவிட்டது.

உன் அப்பா அன்றைக்கே சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார். எஸ்டேட் துரை கூப்பிட்டுச் சொல்லியும் போகவில்லை. மாசங்கள் கழித்து மாரியாயி ஒரு தடியை ஊன்றிக்கொண்டு, ஏற்றத்தில் நின்று நின்று ஏறி நம் வீட்டுக்கு வந்தாள். உன் அப்பா உள்ளே போய்விட்டார். அவள் வாசலில் நின்றே சத்தமாகக் கேட்டாள்:

"ஏனுங்க டிரைவரு, நீங்க வண்டி ஓட்டாம ஊட்டுக்குள்ள குக்கிட்டா எங்காலு வந்துருமுங்களா? புது டிரைவரு வந்திருக்கறானே, அவன் ஓட்டறதப் பாத்தீங்களா? நாங்க உசுரக் கையில புடிச்சுட்டுப் போறோம். டயரப் பாத்து மாட்டிட்டு நீங்க வந்து ஓட்டுங்க. நானே மொத ஆளா ஏறி உக்கார்றேன்."

அவர் வெளியே வரவில்லை. நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு இறங்கிப் போனாள். உன் அப்பா பேக்டரி கேட்டில் ராத்திரிக் காவலுக்குச் சேர்ந்துகொண்டார். நீ பள்ளிக்கூடம் போகும்போது தூங்குவார், நீ வரும்போது கிளம்புவார். நாம் மூன்று பேரும் பஸ் ஏறினால் அவர் மட்டும் ரோடு தெரியாத கடைசி சீட்டுக்குப் போய்விடுவாரே, அது எதனால் என்று நீ கேட்டதே இல்லை. சாகிற வரைக்கும் அவர் பாடவில்லை. மாரியாயியை அவர் மறந்துவிடவில்லை, அவளை நினைத்தே உருகினார். ஆனால் அவள் கேட்ட ஒன்றை மட்டும் செய்யவில்லை.

இப்போது விழுந்தவள் நான். அதனால் கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறது. தப்பு உன்மேல் இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை, கண்ணு. அப்படிச் சொன்னால் நீ நம்பவும் மாட்டாய். கல்லைத் திருப்பியிருக்க வேண்டும், நீ திருப்பவில்லை. என் கை ஒடிந்தது. இவ்வளவுதான் நடந்தது. ஆனால் நீ அதற்கப்புறம் செய்திருக்கிறாயே, அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. இனேஸ் இன்னொன்றும் சொன்னாள். அந்தப் பள்ளத்தைச் சுற்றித் தடுப்புப் போட்டிருக்கிறார்களாம். வேறு ஆளை வைத்து மூடச் சொன்னால் உன் மேஸ்திரி, "அவன் பிரிச்சான், அவனே மூடட்டும்" என்று பிடிவாதமாக நாளைக் கடத்துகிறாராம். நடக்கிறவர்கள் எல்லாரும் நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கிச் சுற்றிப் போகிறார்கள். முந்தாநாள் ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அப்படி இறங்கியபோது, மேலே இருந்து வந்த கார் கிறீச்சிட்டு ஒரு முழ தூரத்தில் நின்றதாம். இனேஸ் தன் அம்மா வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் அழுதுவிட்டாள். எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. என் எலும்பு முறிந்தபோதுகூட அப்படி அடித்துக்கொள்ளவில்லை.

அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வாய்? எந்தக் கல்லைப் போய்ப் பெயர்ப்பாய்?

என் கையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாயே, உண்மையைச் சொல்கிறேன். நேற்றுச் சாயங்காலம் கத்திரியைப் பிடித்தேன். இனேஸ் சொன்னதைக் கேட்டபின் சும்மா உட்கார முடியவில்லை. பழைய லைனிங் துணியை விரித்து, கழுத்து வளைவு வெட்டிப் பார்த்தேன். கோடு விலகிப் போயிற்று. திரும்ப வெட்டினேன், மறுபடியும் விலகியது. வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. விடவில்லை. கடைசியில் ஒன்று ஓரளவுக்கு வந்தது. கிறிஸ்துமஸ் துணிக்கு ஆட்கள் வந்தால் திருப்பி அனுப்பக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். பழைய வேகம் வருமா என்று தெரியாது. டாக்டரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை நம் சர்ச் தெரு ஸ்டுடியோவில் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பச் சொல்கிறேன். படித்ததும் எனக்குப் போன் செய்ய வேண்டாம். மேஸ்திரியிடம் போ. மன்னிப்புக் கேட்கிறாயோ என்னவோ, அது உங்கள் ரெண்டு பேர் பாடு. சுத்தியலை வாங்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கு. குவித்து வைத்திருக்கிறாயே, அந்தக் கற்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தடவிப் பார். வழவழப்பைக் கீழே தள்ளு. ரெண்டு பக்கமும் தேய்ந்த கல்லாக இருந்தால் கொத்திச் சொரசொரப்பாக்கு. அதற்கும் வராவிட்டால் தூர எறிந்துவிட்டுப் புதுக்கல் கேள். யாராவது அவசரப்படுத்தினால், எங்கம்மா இங்கேதான் விழுந்தாங்க என்று சொல். அந்தக் கல்லின்மேல் தண்ணீர் ஊற்றி நீயே முதலில் நடந்து பார்.

அப்புறம் நான் வருகிறேன். இனேஸிடம் சொல்லிவிட்டேன், அவளும் சரி என்றாள். அந்தத் தெருவில் நான் மறுபடி இறங்க வேண்டும். அவள் அம்மாவுக்கு அந்தச் சேலையை நானே கட்டிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வெயில் காலம் வசதி, தரை காய்ந்திருக்கும் என்றெல்லாம் நீ ஏதாவது சொல்வாய். அதெல்லாம் வேண்டாம். அங்கே நன்றாக மழை பெய்கிற மாசமாகப் பார்த்து டிக்கெட் போடு.

அம்மா